மதினியின் ஜீப்புக்கு நாலு மட் ஃப்ளாப்

மதினி,

இன்று காலை பார்சல் வந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகும்வரை பொறுக்கவில்லை, கடையிலேயே பிரித்துவிட்டேன். பிரித்ததுமே புது ரப்பர் வாசனை தையல் கடை முழுக்க ஏறிக்கொண்டது. பிளவுஸ் கொடுக்க வந்திருந்த அக்கா ஒருவர் மூக்கைச் சுளித்து, "என்ன செல்வி, டயர் கடை கணக்கா வாடை அடிக்குது?" என்றார்.

"மட் ஃப்ளாப்புக்கா, ஜீப்புக்கு" என்றேன். சேறும் கல்லும் பின்னால் வருகிறவர்கள் மேல் தெறிக்காமல் இருக்க, சக்கரத்துக்குப் பின்புறம் தொங்குமே, அந்த ரப்பர் பட்டை என்று விளக்கியும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கழுத்து எவ்வளவு இறக்கம் வேண்டும் என்பதற்குத் தாவிவிட்டார். நான் மட்டும் நான்கையும் வெட்டு மேசையில் பரப்பிவைத்து, தட்டிப் பார்த்து, நானாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. வேறு யாரிடம் சொன்னாலும் இந்தக் குதூகலத்தில் பாதிதான் போய்ச் சேரும்.

நாளை மறுநாள் பேரையூர்ப் பக்கம் அதே கண்மாயில் சேற்றுப் பந்தயம். உங்கள் ஜீப்தான் போகிறது. ஓட்டப்போவது நான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் இதை யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். அப்போது நான் புருஷன் வீட்டை விட்டுத் திரும்பி வந்து எட்டு மாதம். அவனியாபுரம் வீட்டின் முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன். தெருவில் போகிறவர்கள் யாராவது என்னைப் பார்த்து ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். உங்களோடுகூட அதிகம் பேசியதில்லை. நாத்தனார் வந்து வீட்டோடு தங்கிவிட்டாள் என்று உங்களுக்கு மனத்தாங்கல் இருக்கும் என்று நானே முடிவு செய்துவைத்திருந்தேன். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சத்தம் வராமல் நடந்து போவேன்.

நீங்களோ சத்தத்தோடு வாழ்ந்தவர். உங்கள் அப்பா போனபின் அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு காடாகப் பிரித்துக்கொண்டு, "உனக்கு என்னத்தா வேணும்?" என்று கேட்டபோது, "மாட்டுக் கொட்டத்துல நிக்கிற ஜீப்பு" என்று சொன்ன ஆள் நீங்கள். பேரையூர்க் கரிசலில், பருத்தி மூட்டை ஏற்றிய அந்தத் திறந்த ஜீப்பில்தான் ஓட்டப் பழகினீர்கள். அதை மதுரைக்குக் கொண்டுவந்து, நான்கு சக்கரமும் இழுக்கிற மாதிரி சரி செய்து, அகலமான டயர் மாட்டினீர்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே நான்கு விரல் நீட்டிக்கொண்டு நின்றது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. வம்பும் அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த ஐப்பசி மழைக்கு மறுநாள் ஞாபகம் இருக்கிறதா? நம் தெருவில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் முன்னால் நடக்க, பின்னால் பதினைந்து இருபது பெண்கள் சீர்த்தட்டோடு வருகிறார்கள். நீங்கள் மெதுவாகத்தான் வந்தீர்கள், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆனால் மேளத்துக்கு ஒதுங்கி, குழிக்குள் சக்கரம் இறங்கி, ஏறுவதற்கு ஒரு மிதி மிதித்தீர்கள். அவ்வளவுதான். சேறு விசிறி மாதிரி விரிந்து எழும்பியது. தாய்மாமன் நெஞ்சிலிருந்து முழங்கால்வரை கரிய புள்ளி. லட்டுத் தட்டு, வாழைப்பழத் தட்டு, எல்லாவற்றிலும் சேறு. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

நீங்கள் இறங்கி ஓடினீர்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. "தப்பு என்னுதுதாண்ணே. சட்டையக் கழத்துங்க" என்றீர்கள். அவரும் கழற்றிக் கொடுத்தார். வீட்டுக்குள் வந்து முதன்முதலாக என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னீர்கள்: "ஏ செல்வி, வெரசா ஏதாச்சும் பண்ணு தாயி." நான் அண்ணனுடைய புதுச் சட்டை ஒன்றை எடுத்து, பத்தே நிமிடத்தில் பக்கவாட்டைப் பிரித்து அகலப்படுத்திக் கொடுத்தேன். தாய்மாமன் அதைப் போட்டுக்கொண்டுதான் மொய்ச் சபையில் உட்கார்ந்தார்.

அண்ணன் அன்று டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். அரசு பஸ் ஓட்டுகிறவர், இத்தனை வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர். சத்தம் போடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, "வித்துருவோம்" என்றார்.

நீங்கள் கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டீர்கள். பிறகு, "மட் ஃப்ளாப் மாட்டிர்றேன். இனிமே ஒரு பொட்டுத் தெறிக்காது. அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க ஊருக் கண்மாய்ல ஜீப்பு ரேஸ் நடக்குது. பேரு குடுத்திருக்கேன். அதுல நாலு ஃப்ளாப்பும் கழறாம முடிச்சுட்டு வந்துட்டா வண்டி இருக்கட்டும். நடுவுல நின்னுட்டா நீங்க சொல்றபடி வித்துருவோம்" என்றீர்கள்.

அண்ணன் யோசித்தார். "தனியாவா போற?"

"ரெண்டு பேரு உக்காரணும்னு ரூல்ஸு. செல்வி வாரா."

என்னை யாரும் கேட்கவில்லை. ஆனால் மதினி, எட்டு மாதத்தில் முதல்முறையாக எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. பயத்தில் இல்லை.

சனிக்கிழமை நீங்கள் கடைவீதியிலிருந்து ஃப்ளாப்போடு வந்தீர்கள். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்னு சொன்னான்" என்று நீட்டினீர்கள். வைத்துப் பார்த்தோம். எந்த வண்டிக்கும் பொருந்தாத அளவில் இருந்தது. பின்பக்கம் தரையைக் கூட்டியது, முன்பக்கம் சக்கரத்தோடு ஒட்டியது. தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் டிரில்லிங் மெஷின் இரவல் கேட்கப் போனபோது மெக்கானிக், "விட்டுட்டுப் போங்கக்கா, திங்கக்கிழமை மாட்டித் தாரேன்" என்றார். "நாளைக்கே வேணும்ணே, மெஷின மட்டும் குடுங்க" என்று வாங்கி வந்துவிட்டீர்கள். வாங்கி வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்கு ஓட்டத்தான் தெரியும். அளவெடுக்கத் தெரியாது.

அது எனக்குத் தெரியும். அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. இது ஒரு பெரிய பிளவுஸ், வேறொன்றும் இல்லை.

பழைய பேப்பரைச் சக்கரத்துக்குப் பின்னால் பிடித்து, மடித்து, சாக்பீஸால் வரைந்தேன். உங்களை வண்டியில் ஏறி உட்காரச் சொன்னேன். "எதுக்குடி?" என்றீர்கள். "ஆள் ஏறுனா வண்டி தாழும்ல மதினி. கையத் தூக்கிப் பாத்துத்தான் அக்குள் வெட்டணும்" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு அம்மா வாசலுக்கே வந்துவிட்டார். நீங்கள் உட்கார்ந்து, என் எடைக்குப் பதிலாக வீட்டிலிருந்த இரண்டு அரிசி மூட்டைகளையும் ஏற்றியபின், பின்பக்க ஃப்ளாப் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி குறித்தேன். முன்பக்கத்துக்கு ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிவரை, அந்தக் கடைசிவரை திருப்பச் சொன்னேன். திருப்பும்போது டயர் ஒரு மூலையில் கீச்சென்று உரசியது. அந்த இடத்தில் பிறை மாதிரி ஒரு வளைவு. கைக்குழி வெட்டுகிற அதே வளைவுதான்.

ரப்பரை வெட்டத்தான் வழியில்லை. என் கத்திரியைத் தொடவிட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அடுப்படிக்குள் போய் அரிவாள்மணையை எடுத்து வந்தீர்கள். சோப்புத் தண்ணீரைத் தடவித் தடவி, நீங்கள் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் தள்ள, வெண்ணெய் மாதிரி அறுபட்டது! அதற்கப்புறம் ஒரு வாரம் வெங்காயமெல்லாம் டயர் வாசம் அடித்தது வேறு கதை.

பிறகு துளை. மட்கார்டுத் தகட்டில் டிரில்லிங் மெஷினை வைத்து அழுத்தும்போது என் பல்லெல்லாம் கூசியது. இரும்புத் துருவல் சுருள் சுருளாக உதிர்ந்தது. முதல் துளையை நீங்கள் போட்டீர்கள், கோணல். இரண்டாவதை நான் போட்டேன், நேர். அதற்கப்புறம் மெஷினை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. துளை போட்ட இடம் துருப்பிடிக்கும், பெயின்ட் அடிக்க வேண்டும் என்றீர்கள். வீட்டில் பெயின்ட் இல்லை. உங்கள் சிவப்பு நகப்பூச்சை எடுத்து வந்து பன்னிரண்டு துளைக்கும் ஓரம் தடவினோம். ஒரு ஃப்ளாப்புக்கு மூன்று போல்ட். ரப்பர் கிழிந்து போல்ட் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர்.

இதுவரை நீங்களும் நானும் சேர்ந்து செய்தது. இனி நான் தனியாகச் செய்தது. நீங்கள் டீ போடப் போன நேரத்தில் கடைசி வாஷர் என் விரலிலிருந்து நழுவி, உருண்டு, சாக்கடைக்குள் விழுந்துவிட்டது. நான் சொல்லவில்லை. தையல் மெஷின் டப்பாவில் கிடந்த சின்ன வாஷர் ஒன்றை எடுத்து, வலது பின்சக்கரத்து ஓர போல்ட்டில் போட்டு முடுக்கிவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியும். நான் இருந்துவிட்டு வந்த வீட்டில் ரசத்தில் உப்புக் கூடினால் மூன்று நாளைக்குப் பேச்சு நடக்கும். சின்னத் தப்பை மூடி மறைக்க நான் அங்கே நன்றாகப் பழகியிருந்தேன்.

ஞாயிறு காலை கண்மாய்க் கரையில் போய் இறங்கினோம். பதினான்கு வண்டி. கொட்டாம்பட்டியிலிருந்துகூட ஒருவர் வந்திருந்தார். வண்டிகளைச் சோதித்தவர் நம் ஃப்ளாப்பைக் குனிந்து பார்த்து, நகப்பூச்சை விரலால் தொட்டு, "யாரு மாட்டுனது?" என்றார்.

"எங்க டெய்லரு" என்றீர்கள்.

அவருக்கு அது விளங்கவில்லை. "ஒருத்தர் பின்னால ஒருத்தர் போவீக. கல்லு பறக்கும். முடிக்கிறப்பவும் நாலும் தொங்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் அவுட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனார். நான் குனிந்து, சின்ன வாஷர் போட்ட அந்த போல்ட்டை விரலால் இன்னொரு முறை முடுக்கிப் பார்த்தேன்.

கொடி இறங்கியது. மதினி, அந்த முதல் நூறு அடியை எப்படிச் சொல்வேன்! கரிசல் சேறு சக்கரத்தைப் பிடித்து இழுக்க, நீங்கள் லோ கியரில் அதை அதட்டி அதட்டிப் பிடுங்கினீர்கள். வண்டி இடது பக்கம் சாய்ந்தது, வானம் வலது பக்கம் சாய்ந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நீங்களும் கத்தினீர்கள். எட்டு மாதம் சத்தம் வராமல் நடந்தவள், கண்மாய் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். நெஞ்சுக்குள் அடைத்திருந்த ஏதோ ஒன்று திறந்துகொண்டு, காற்று உள்ளே போனது. ஓடை இறங்கினோம், ஏறினோம். பின்னால் வந்த கொட்டாம்பட்டிக்காரர் கண்ணாடியில் ஒரு துளி சேறு இல்லை. அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

கடைசிக்கு முந்தின இடம், ஒரு மண்மேட்டில் பின்பக்கமாக ஏறி இறங்க வேண்டும். நீங்கள் ரிவர்ஸ் போட்டீர்கள். வலது பின்சக்கரம் மேட்டில் ஏறும்போது ஃப்ளாப்பின் நுனியைத் தனக்குக் கீழே இழுத்துக்கொண்டது. டப் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். ஓர போல்ட் ரப்பரைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. இன்னொன்றும் போய்விட்டது. ஒற்றைப் போல்ட்டில் ஃப்ளாப் ஊசலாடியது.

நீங்கள் வண்டியை நிறுத்தினீர்கள். என்ஜினும் நின்றுவிட்டது. சட்டென்று கண்மாயே அமைதியானது. ஜீப் போகப்போகிறது, என்னால் போகப்போகிறது. மறைக்க இடமில்லை. அழுகையும் கத்தலுமாகச் சொன்னேன்: "மதினி, நான்தான்! அந்த போல்ட்டுக்கு சின்ன வாஷரப் போட்டுட்டேன்! பெருசு சாக்கடைக்குள்ள விழுந்துருச்சு, ஒங்ககிட்டச் சொல்லல!"

நீங்கள் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். திட்டு விழும் என்று தோள் தானாகக் குறுகியது.

"சரி, அதுக்கு இப்ப என்ன? எறங்கு! எதையாச்சும் வச்சுக் கட்டு!"

அவ்வளவுதான். அந்த வாஷரைப் பற்றி அன்றும் அதற்குப் பிறகும் நீங்கள் கேட்ட கேள்வி அந்த ஒன்றுதான்.

குதித்தேன். முழங்கால்வரை புதைந்தேன், செருப்பு போனது போனதுதான். இடுப்பில் கட்டியிருந்த துப்பட்டாவை உருவி, கிழிந்த ஓட்டைக்குள் விட்டு, மட்கார்டு கம்பியில் சுற்றி, பாவாடை நாடாவுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டேன். மேலே ஒரு முடிச்சு, அதற்கும் மேலே ஒன்று. ஃப்ளாப்பின் நுனியைச் சேலைக் கொசுவம்போல் மேலே தூக்கிச் செருகினேன். மூன்று வண்டிகள் நம்மைத் தாண்டிப் போயின. "போங்க மதினி, போங்க!" என்று கத்திக்கொண்டே ஓடி ஏறினேன். நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். முதல் திருப்பில் பிடிக்கவில்லை. இரண்டாவதில் பிடித்தது.

பதினான்கில் பதினொன்றாவதாக முடித்தோம். சோதிக்கிறவர் வந்து எண்ணினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு…" நாலாவதன் முன்னால் நின்று, பச்சைத் துப்பட்டாவைப் பார்த்தார். விரலால் ஃப்ளாப்பை ஒரு சுண்டு சுண்டினார். அது ஆடியது.

"தொங்குதுல்ல? தொங்குனா சரிதான்" என்று எழுதிக்கொண்டு போனார்.

நீங்கள் என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். சுற்றும்போதுதான் கரையில் காக்கிச் சட்டையைப் பார்த்தேன். டூட்டி இருக்கிறது, வர முடியாது என்று சொன்ன அண்ணன், ஆலமரத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். எப்போதிலிருந்து நின்றாரோ. இறங்கி வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குத்தவைத்து, கிழிந்த இடத்தை விரலால் தடவினார்.

"வாஷர் பெருசாப் போட்டிருக்கணும்" என்றார். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "நாளைக்கி வாங்கியாரேன்."

நீங்கள் என் கையைப் பிடித்து நசுக்கிய நசுக்கலில் இரண்டு நாள் ஊசி பிடிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருடம். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். உண்மையில் நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தீர்கள், நானாகவே பழகினேன். லைசென்ஸ் வந்த அன்று நீங்கள்தான் தெருவெல்லாம் சொல்லி வந்தீர்கள். பிறகு சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தீர்கள். பன்னிரண்டு நாள். அந்த நாட்களைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. உங்களுக்கும் அது பிடிக்காது.

நீங்கள் போனபின் ஜீப்பை யாரும் எடுக்கவில்லை. அண்ணன் மட்டும் வாரம் ஒருமுறை தார்ப்பாயை விலக்கி, பேட்டரி செத்துவிடக் கூடாது என்று என்ஜினைப் போட்டு, ஐந்து நிமிடம் வெளியிலேயே நின்று கேட்டுவிட்டு அணைப்பார். ஏறி உட்கார்ந்ததில்லை. விற்பதைப் பற்றியும் வாய் திறந்ததில்லை.

என் பிழைப்பைக் கேட்டால், கடை நன்றாக நடக்கிறது. இப்போது வாசலைப் பார்த்துதான் உட்காருகிறேன். போன வாரம் ஒரு கல்யாணப் பிளவுஸின் கையைக் குட்டையாக வெட்டிவிட்டேன். முகூர்த்தத்துக்கு இரண்டே நாள். உடனே போன் போட்டு, "அக்கா, என் தப்புதான், கை குட்டையாப் போச்சு. வாங்க, என்ன செய்யலாம்னு பாப்போம்" என்றேன். அவர் வந்தார், கரை வைத்துத் தைத்தோம், முன்னைவிட அழகாக வந்துவிட்டது. அப்படிச் சொல்ல எனக்கு நடுக்கமே வரவில்லை, மதினி. உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதில் இதைத்தான் தினமும் கையில் எடுக்கிறேன். தப்பைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடலாம் என்பதை நான் அந்தச் சேற்றில் நின்றுதான் தெரிந்துகொண்டேன்.

சரி, இன்றைய கதைக்கு வருகிறேன். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு ஃப்ளாப்பை மாட்ட உட்கார்ந்தேன். இவை நம் ஜீப்புக்கென்றே செய்தவை, வெட்டுகிற வேலையே இல்லை. பழைய துளையிலேயே போல்ட் கச்சிதமாக உட்கார்ந்தது. மூன்றாவதை மாட்டும்போது பக்கத்தில் ஒரு நிழல். அண்ணன் நான்காவதை எடுத்து, சொல்லாமலே சரியான இடத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஒன்கூட யாரு உக்கார்றா?" என்றார்.

"இன்னும் பாக்கல."

அண்ணன் ஒரு போல்ட்டை ஸ்பானரால் முடுக்கினார். பிறகு, "ஒரு ஆளு வேணும்ல, நான் வாரேன்" என்றார்.

சாயங்காலம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். அண்ணன் நான்கு வருடம் கழித்து ஜீப்பில் ஏறினார். முப்பது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவருக்குப் பக்கத்து சீட்டில் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் வேகம் கூட்டும்போதெல்லாம் அவர் கால் அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. ஆட்டோவுக்கு வழி விடு, ஆடு வருது, மெதுவா, மெதுவா. ஊரைத் தாண்டி, விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம், காட்டுப் பாதையில் திரும்பினோம். நேற்றுப் பெய்த மழை பாதை முழுக்கக் குளமாக நின்றது. வெயில் இறங்கி, தண்ணீர் செம்பு மாதிரி மினுங்கியது. பழக்கத்தில் நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன்.

அண்ணன் திரும்பிப் பின்னால் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மனுஷர் இல்லை. ஹெல்மெட்டைத் தலையில் அழுத்திக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார்.

"யாரும் இல்ல" என்றார். "மிதி."

மிதித்தேன், மதினி.